முதல் திருட்டு வழக்கு: ஒப்புக்கொள்வதா, சமரசமா, நன்னடத்தைப் பிணையா, விசாரணையா?

“ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டால் இன்றைக்கே முடிந்துவிடும் அல்லவா?”

திருட்டு வழக்கில் மகனையோ தம்பியையோ முதன்முறையாக நடுவர் நீதிமன்றத்துக்கு அழைத்துவரும் குடும்பத்தார் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இது. இலவச சட்ட உதவி வழக்கறிஞனாக அந்த வராந்தாவில் பல ஆண்டுகள் நின்றிருக்கிறேன். ஒரு வாய்தாவுக்கு வந்தால் இரண்டு பேரின் கூலி போகிறது. ஊரில் பேச்சு வளர்கிறது. பையன் கிளைச் சிறையில் இருந்தால் தாய்க்குச் சோறு இறங்குவதில்லை. சீக்கிரம் முடியட்டும் என்ற தவிப்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தவிப்பில் எடுத்த முடிவு பல ஆண்டுகள் கழித்தும் அந்தப் பையனைத் துரத்துவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்து எடைபோட்டு எழுதுகிறேன்.

நான் சொல்வது 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்கு, அதாவது பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் வரும் வழக்குகளுக்கு. அதற்கு முந்தைய சம்பவமாக இருந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 379-ஆம் பிரிவுதான். அதில் சமூக சேவை என்ற தண்டனையே கிடையாது. 18 வயது நிரம்பாதவர் என்றால் இந்தக் கட்டுரையே பொருந்தாது. அவர் போக வேண்டிய இடம் இளைஞர் நீதிக் குழுமம். வயதுச் சான்றை முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன் திருடவில்லை என்றால் கீழே சொல்லப்போகும் வழிகளில் விசாரணையைத் தவிர வேறெதுவும் அவனுக்கு உரியதல்ல. செய்யாத குற்றத்தை வசதிக்காக ஒப்புக்கொள்ளும்படி எந்த வழக்கறிஞர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

## முதலில் இரண்டு எண்கள்

முதல் தகவல் அறிக்கையில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: பிரிவு எண், பொருளின் மதிப்பு. வழக்கின் போக்கை நிர்ணயிப்பவை இவை இரண்டும்தான்.

சாதாரணத் திருட்டு 303(2)-ஆம் பிரிவு. அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்குள் புகுந்து எடுத்தது, வாகனத்திலிருந்து எடுத்தது, கோயில் விக்கிரகம், அரசுச் சொத்து ஆகியவை 305-ஆம் பிரிவு. 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும். வேலை செய்யும் இடத்தில் முதலாளியின் பொருளை எடுத்தால் 306. அதற்கும் 7 ஆண்டு வரை. கடையில் சம்பளத்துக்கு நிற்கும் பையன் கல்லாவிலிருந்து ஆயிரம் ரூபாய் எடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது தெருவில் எடுத்ததைவிடப் பெரிய குற்றம். பல பெற்றோருக்கு இது தெரிவதில்லை.

அடுத்தது மதிப்பு. 303(2)-இல் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதன்முறையாகக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவைதான். அப்படிப்பட்ட வழக்கு பிணையில் விடத்தக்கது. நடுவரின் உத்தரவில்லாமல் போலீஸ் அதில் புலனாய்வு தொடங்க முடியாது. பிடி ஆணை இல்லாமல் கைது செய்யவும் முடியாது. மதிப்பு 5,000-ஐத் தொட்டுவிட்டால் நிலைமை தலைகீழ்: பிடி ஆணையின்றிக் கைது செய்யலாம், பிணை கேட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

20,000 ரூபாயிலும் ஒரு கோடு இருக்கிறது. 303(2), 305, 306 ஆகிய மூன்று பிரிவுகளிலும் பொருளின் மதிப்பு 20,000-ஐத் தாண்டாவிட்டால் வழக்கைச் சுருக்கமுறையில் விசாரிக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. முறையான விசாரணைக்கு நடுவர் மாற்றாத வரை, சுருக்கமுறையில் 3 மாதத்துக்கு மேல் சிறை விதிக்க முடியாது. ஆக, “மூன்று வருஷம் உள்ளே போவாய்” என்று யாராவது மிரட்டும்போது முதலில் மதிப்பைப் பாருங்கள்.

அந்த மதிப்பு எப்படி எழுதப்பட்டது என்பதும் முக்கியம். இரண்டு ஆண்டு பழைய கைப்பேசியை, வாங்கிய அன்றைய பில் விலையில் எழுதியிருப்பார்கள். இன்று அது பாதிக்குக்கூட விலைபோகாது. திருடிய நாளில் அதன் மதிப்பு என்ன என்ற கேள்வியை வழக்கறிஞர் எழுப்ப வேண்டும். 5,200 என்று எழுதியிருப்பதற்கும் 4,800 என்று எழுதியிருப்பதற்கும் இடையே சிறைக் கதவு இருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

எவ்வளவு நாள் சிறை, எவ்வளவு ரூபாய் அபராதம் என்ற இரண்டை மட்டும் வைத்துத்தான் பெரும்பாலும் கணக்குப் போடுகிறார்கள். நான் வேறு நான்கைப் பார்க்கச் சொல்வேன்.

முதலாவது, குற்றவாளி என்ற தீர்ப்பு பதிவாகிறதா என்பது. 303(2)-இன் கீழ் இரண்டாம் முறை குற்றத்தீர்ப்பு வந்தால் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு கடுங்காவல். ‘குறைந்தது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அதற்கும் மேலே 13-ஆம் பிரிவு இருக்கிறது. 3 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய சொத்துக் குற்றத்தில் முன்பு தண்டிக்கப்பட்டவர் மறுபடியும் அதே வகைக் குற்றம் செய்தால், 10 ஆண்டு வரையோ ஆயுள் வரையோகூடப் போக அது இடம் தருகிறது. நடைமுறையில் அவ்வளவு தூரம் போகாது என்றாலும், இரண்டாம் வழக்கில் சமரசத்தின் கதவை மூட அதுவே போதும்.

இரண்டாவது, தீர்ப்புக்குப் பிறகு எந்த நிபந்தனை தொடர்கிறது, அதைக் காக்க இவனால் முடியுமா என்பது. என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் கனமானது. லேசான தண்டனையை வாங்கிக்கொண்டு அதன் நிபந்தனையை மீறி உள்ளே போனவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, பாஸ்போர்ட்டும் வேலையும். வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகும் எண்ணம் இருந்தால் இதை ஒதுக்க முடியாது. நான்காவது, தீர்ப்பு தவறாகிவிட்டால் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறதா என்பது.

## சமரசம்

வழக்காடும் மொழியில் ‘ராஜி’ என்று சொல்லப்படுவது இதுதான். 303(2) வழக்கில் பொருளின் உரிமையாளர் சம்மதித்தால் சமரசம் செய்துகொள்ளலாம். பதிவானதும் அது விடுதலைக்குச் சமம்: குற்றத்தீர்ப்பு இல்லை, பின்தொடரும் நிபந்தனையும் இல்லை. 306 வழக்கில் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். 305, அதாவது வீட்டுத் திருட்டு, சமரசப் பட்டியலிலேயே இல்லை. அங்கே இரு தரப்பும் ஒத்துப்போனால் உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கோருவது ஒன்றே மிச்சம். அதற்கான செலவு வேறு.

முதல் குற்றம், 303(2), பொருள் திரும்பக் கிடைத்துவிட்டது, உரிமையாளர் தனிமனிதர் என்றால் வேறெதையும் யோசிக்க வேண்டாம். சமரசத்தையே முதலில் முயலுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. உரிமையாளர் பொருளின் மதிப்பைப்போல இரண்டு மூன்று மடங்கு கேட்கலாம். கொடுக்கக் கடன் வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன. பறிகொடுத்தவரும் அந்தக் கைப்பேசியில் பிழைப்பு நடத்தும் ஆட்டோ ஓட்டுநராக இருக்கலாம்; அவருடைய இழந்த நாட்களுக்குச் சேர்த்துக் கேட்பது நியாயம்தான். நியாயத்துக்கும் பேராசைக்கும் இடையே பேசி முடிக்க மக்கள் நீதிமன்றம் நல்ல இடம். உரிமையாளர் ஒரு நிறுவனமாக இருந்தால் கிளை மேலாளரின் கையெழுத்து மட்டும் போதாது. அவருக்கு அந்த அதிகாரத்தை நிறுவனம் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் நான்கு வாய்தா வீணானதைக் கண்டிருக்கிறேன்.

சமரசக் கடிதத்தில் “நான் திருடியது உண்மை” என்று எழுதிக் கொடுக்காதீர்கள். சமரசம் முறிந்துவிட்டால் அந்தத் தாள் உங்களுக்கு எதிராகவே வந்து நிற்கும். பொருள் திரும்பக் கிடைத்தது, மேற்கொண்டு வழக்கை நடத்த விருப்பமில்லை என்று உரிமையாளர் சொன்னால் போதும்.

## சமூக சேவை

புதிய சட்டத்தில் பலரையும் கவர்ந்தது இதுதான். சிறை கிடையாது, சம்பளமில்லாத பொதுவேலை மட்டும். முன்பு ஓர் அரிசி மூட்டைக்காகக் கிளைச் சிறையில் கிடந்தவர்களை நினைத்தால் இந்த மாற்றம் வந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

ஆனாலும் இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். சமூக சேவை ஒரு தண்டனை. குற்றவாளி என்று தீர்ப்பான பிறகே அது வருகிறது. அந்தத் தீர்ப்பு ஏட்டில் நிற்கும். நாளைக்கு இரண்டாவது வழக்கு வந்தால் முதலாவதாக எண்ணப்படும்.

எத்தனை மணி நேரம், என்ன வேலை, யார் மேற்பார்வை என்பதை நியாய சன்ஹிதா சொல்லவில்லை. ஆகவே உத்தரவு எப்படி எழுதப்படுகிறது என்பதில் வழக்கறிஞர் கண்ணாக இருக்க வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவனுக்கு வாரநாள் காலை பத்து மணிக்குப் போட்டால் அவன் இரண்டாவது வாரமே தவறுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் கொடுங்கள், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கொடுங்கள் என்று தீர்ப்புக்கு முன்பே கேட்க வேண்டும். பெற்றோர் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். வழக்கறிஞர் கூச்சப்படக் கூடாது.

தவறினால் சிறை. சமூக சேவையைச் செய்யாவிட்டால் இவ்வளவு காலம் சிறை என்று நீதிமன்றம் விதிக்க நியாய சன்ஹிதாவின் 8-ஆம் பிரிவு இடம் தருகிறது. அபராதமோ சமூக சேவையோ மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தில் அது சாதாரணச் சிறையாக இருக்க வேண்டும்; எப்படிப் பார்த்தாலும் 1 ஆண்டைத் தாண்டக் கூடாது. செய்த வேலைக்குச் சான்று வாங்கி ஒவ்வொரு முறையும் பத்திரப்படுத்துங்கள். மேற்பார்வையாளர் மாறிவிட்டால் முந்தையவரிடம் செய்த நாட்களை நிரூபிக்க வேறு வழி இருக்காது.

## நன்னடத்தைப் பிணை

நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் குடும்பங்கள் மிகக் குறைவாகக் கேட்பது இதைத்தான். சென்னை மாகாணம் 1936-லேயே இதற்கென்று சட்டம் இயற்றியது. இன்று நாடு முழுவதற்கும் பொதுவாக இருப்பது 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம்.

அதில் இரண்டு படி உண்டு. 3-ஆம் பிரிவின்படி, முன் தண்டனை இல்லாதவரை எச்சரித்து மட்டும் அனுப்பிவிடலாம். திருட்டு, வீட்டுத் திருட்டு, ஊழியர் செய்யும் திருட்டு ஆகிய மூன்றையும் அந்தப் பிரிவு எண்ணோடு குறிப்பிடுகிறது. பழைய சட்டத்தின் எண்கள் அவை. பதிலுக்கு வந்த புதிய பிரிவுகளாகவே அவற்றைப் படிக்க வேண்டும். 4-ஆம் பிரிவின்படி, தண்டனை விதிக்காமல், அதிகபட்சம் 3 ஆண்டுக்கு நல்லபடி நடப்பதாகப் பிணைமுறி எழுதி வாங்கி விடுவிக்கலாம். இது வீட்டுத் திருட்டுக்கும் கிடைக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் 6-ஆம் பிரிவு நீதிமன்றத்தின் கையையே கட்டுகிறது: நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை வாங்கிப் பார்க்காமலும் காரணம் எழுதாமலும் சிறைக்கு அனுப்பக் கூடாது. வயது எதுவானாலும், நன்னடத்தையில் விட வாய்ப்புள்ள வழக்கில் விடாவிட்டால் சிறப்புக் காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்று நடைமுறைச் சட்டத்தின் 402-ஆம் பிரிவும் சொல்கிறது.

இதன் பெரும் பயன் 12-ஆம் பிரிவில் இருக்கிறது. எச்சரித்தோ பிணைமுறியிலோ விடப்பட்டவருக்கு, அந்தக் குற்றத்தீர்ப்பினால் சட்டப்படி ஏற்படக்கூடிய தகுதியிழப்பு எதுவும் ஏற்படாது. சமூக சேவை செய்தவருக்கும் அபராதம் கட்டியவருக்கும் இந்தக் காப்பு இல்லை. எனவே 5,000 ரூபாய்க்கு உட்பட்ட வழக்கிலும் நன்னடத்தைச் சட்டத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேறு எந்தச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும் இது செல்லும் என்ற முன்னுரையோடுதான் 3, 4 பிரிவுகள் எழுதப்பட்டிருக்கின்றன. நடுவர் மறுக்கலாம். கேட்காமல் விட்டால் அது நம் தவறு.

இந்தக் காப்புக்கும் எல்லை உண்டு. தீர்ப்பு அழிந்துபோவதில்லை. 1990-இல் பக்ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: நன்னடத்தையில் விடப்பட்டாலும், குற்றத்துக்குக் காரணமான நடத்தைக்காக அரசு ஊழியர்மீது துறை நடவடிக்கை எடுக்கலாம்.

செலவுகளைப் பார்ப்போம். அவருக்கோ ஜாமீன்தாரருக்கோ நிலையான இருப்பிடமோ தொழிலோ அந்த வட்டாரத்தில் இருக்க வேண்டும். ஊர் ஊராகக் கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தடை. அறிக்கை தயாரிக்க நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். தெரியாதிருந்தவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிடும். 5-ஆம் பிரிவின்படி பறிகொடுத்தவருக்கு இழப்பீடு தர உத்தரவாகலாம். மேற்பார்வை உத்தரவு போட்டால் அது 1 ஆண்டுக்குக் குறையாது. எங்கே தங்குவது, மதுவைத் தொடாதிருப்பது முதலான நிபந்தனைகளும் சேரும். மதுப்பழக்கம் உள்ளவரை அந்த நிபந்தனையில் கையெழுத்திட வைக்கும் முன் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யுங்கள். செய்யாவிட்டால் அவரை நாமே குழியில் இறக்குகிறோம்.

மீறினால் என்ன ஆகும் என்பதை 9-ஆம் பிரிவு சொல்கிறது. நீதிமன்றம் பிடி ஆணையோ அழைப்பாணையோ அனுப்பும். மீறியது உறுதியானால், மூலத் திருட்டுக்கே அப்போது தண்டனை விதிக்கலாம். 12-ஆம் பிரிவின் காப்பும் அன்றோடு போய்விடும். முதல் தவறு என்றால் பிணைமுறியைத் தொடரவிட்டு 50 ரூபாய் வரை மட்டும் அபராதம் விதிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இந்த 50 ரூபாய் வழி இருப்பதே பலருக்குத் தெரியாது.

என்னிடம் ஒரு வழக்கு இருந்தது. பத்தொன்பது வயது, மோட்டார் கொட்டகையில் தாமிரக் கம்பி எடுத்த வழக்கு, இரண்டு ஆண்டு மேற்பார்வையில் விடப்பட்டான். ஓர் ஆண்டு நிறைவதற்குச் சற்று முன்பு வேலை தேடிப் பக்கத்து மாவட்டத்து நூற்பாலைக்குப் போய்விட்டான். அலுவலரிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. குற்றம் எதுவும் செய்யாமல், மூன்று ஷிப்ட் மாறி மாறி உழைத்துக்கொண்டிருந்தவனுக்குப் பிடி ஆணை பிறந்தது. இடம் மாறுவதற்கு முன்பே நிபந்தனையை மாற்றித் தரும்படி நன்னடத்தை அலுவலர் வழியாகக் கேட்க நன்னடத்தைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு இருக்கிறது. அதை அவனுக்கு நான் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அவன் என்ன ஆனான் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பழைய நடைமுறைச் சட்டத்தின் 110-ஆம் பிரிவை வைத்துக் காவல் நிலையத்தில் ‘110-இல் எழுதிக் கொடுத்தான்’ என்று சொல்லும் பிணைமுறி வேறு, இது வேறு. அது நிர்வாக நடுவர்முன், இனிமேல் குற்றம் செய்யாதிருக்க வாங்குவது. இரண்டையும் குழப்பிக்கொண்டு “ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டோம்” என்று சொல்பவர்கள் பலர்.

## ஒப்புதல் பேரம்

குற்றத்தை ஒப்புக்கொண்டு, குறைந்த தண்டனைக்குப் பேசி முடிப்பது இது. நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்த நாளிலிருந்து 30 நாளுக்குள், குற்றஞ்சாட்டப்பட்டவரே மனு கொடுக்க வேண்டும். அரசு வழக்கறிஞர், புலனாய்வு அதிகாரி, பறிகொடுத்தவர், குற்றஞ்சாட்டப்பட்டவர் ஆகியோர் பேசி 60 நாளுக்குள் ஒரு முடிவுக்கு வரவேண்டும். 7 ஆண்டுக்கு மேற்பட்ட குற்றங்களுக்கு இது கிடையாது; 305, 306 இரண்டும் அந்த எல்லைக்கு உள்ளேதான் வருகின்றன.

முதன்முறை குற்றவாளிக்கு அதிகபட்சத் தண்டனையில் ஆறில் ஒரு பங்கு. 303(2)-க்கு 6 மாதம். 305, 306-க்கு 14 மாதம். கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் 20,000 ரூபாய்க்கு உட்பட்ட வழக்கைச் சுருக்கமுறையில் விசாரித்தால் உச்சவரம்பே 3 மாதம். அங்கே பேரத்துக்குப் போய் 6 மாதத்தை வாங்குவது நஷ்ட வியாபாரம். வீட்டில் எட்டு பவுன் நகை போன 305 வழக்கு, சாட்சியம் வலுவாக இருக்கிறது, நகையும் மீட்கப்பட்டுவிட்டது என்றால் பேரத்துக்குப் பொருள் உண்டு. பேரத்தின் முடிவில் நன்னடத்தைச் சட்டப்படி விடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதைக் கேட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

தீர்ப்பு வந்தபிறகு வழக்கமான மேல்முறையீடு இல்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட், உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு, அவ்வளவுதான்.

## ஒப்புக்கொண்டு அபராதம்

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஆம், இன்றே முடிந்துவிடும். ஆனால் குற்றத்தீர்ப்பு பதிவாகும், 12-ஆம் பிரிவின் காப்பு கிடையாது, மேல்முறையீட்டில் தண்டனையின் அளவையும் சட்டப்பூர்வத்தையும் மட்டுமே கேள்வி கேட்க முடியும். அபராதம் கட்டத் தவறினால், 3 ஆண்டுக் குற்றத்துக்கு 9 மாதம் வரை சிறை விதிக்கலாம். எல்லா வழியிலும் மலிவாகத் தெரிவதும் இதுதான், அதிக விலை கேட்பதும் இதுதான். ஏற்கெனவே பல வாரம் சிறையில் இருந்துவிட்டு, இருந்த காலத்தையே தண்டனையாகக் கழித்துக்கொண்டு வெளியேறும் நிலையில் உள்ளவருக்கு மட்டும், அதுவும் அவர் உண்மையிலேயே செய்திருந்தால், இதைச் சொல்வேன்.

## விசாரணையைச் சந்திப்பது

செய்யாதவருக்கு ஒரே வழி. செய்தவருக்கும், சாட்சியம் பலவீனமாக இருந்தால், சட்டம் கொடுத்திருக்கும் உரிமை. போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது. அதன் வழியாகப் பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். ஆகவே கண்டெடுப்பு மகஜரில், அதாவது பொருளைக் கண்டெடுத்தபோது போலீஸ் எழுதும் பதிவில், யார் சாட்சி, எந்த இடம், எந்த நேரம் என்பதில்தான் பெரும்பாலான திருட்டு வழக்குகள் நிற்கின்றன அல்லது விழுகின்றன.

இங்கே நிபந்தனை என்பது ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவது. வராவிட்டால் பிணையில் விட முடியாத பிடி ஆணை, பிணைமுறித் தொகை பறிமுதல், ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ். போதிய காரணமின்றி வராததே நியாய சன்ஹிதாவின் 269-ஆம் பிரிவின்கீழ் தனிக் குற்றம். 1 ஆண்டு வரை சிறை. திருட்டிலிருந்து விடுதலையாகி, வராத குற்றத்தில் மாட்டுவது நடக்கக்கூடியதே.

பாஸ்போர்ட் இங்கேதான் அதிகம் இடிக்கிறது. குற்ற வழக்கு நிலுவையில் இருந்தாலே பாஸ்போர்ட்டை மறுக்கலாம். வெளிநாடு போக அந்த நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். தீர்ப்பான பிறகோ, ஒழுக்கக்கேடான குற்றத்தில் 2 ஆண்டுக்குக் குறையாத சிறை விதிக்கப்பட்டிருந்தால்தான் அடுத்த 5 ஆண்டுக்கு மறுக்க முடியும். வெளிநாட்டு வேலைக்கு ஏஜெண்டிடம் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவருக்கு நீளும் விசாரணையைவிடச் சமரசமோ நன்னடத்தைப் பிணையோ மேல்.

தமிழ்நாடு காவல் துறையில் சேரும் கனவு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சந்தேகத்தின் பலனிலோ புகார்தாரர் பிறழ் சாட்சியானதாலோ விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே அங்கே விதிகள் கருதுகின்றன. எந்த அரசு வேலையானாலும் விண்ணப்பத்தில் வழக்கை மறைக்காதீர்கள். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிப்படி, சிறு குற்றத்தை உண்மையாகச் சொன்னவரை நியமிப்பது பற்றிப் பரிசீலிக்க இடம் இருக்கிறது. மறைத்தால் அந்த மறைப்பே வேலைநீக்கத்துக்குக் காரணமாகிவிடலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | குற்றத்தீர்ப்பு பதிவாகுமா | காக்க வேண்டியது | மீறினால் |
|---|---|---|---|
| சமரசம் | இல்லை | பெரும்பாலும் எதுவுமில்லை | – |
| சமூக சேவை | ஆகும் | குறித்த வேலையை முடிப்பது | சிறை |
| நன்னடத்தைப் பிணை | ஆகும். தகுதியிழப்பு இல்லை | 3 ஆண்டு வரை பிணைமுறி நிபந்தனைகள் | 50 ரூபாய் வரை அபராதம், அல்லது மூலக் குற்றத்துக்கே தண்டனை |
| ஒப்புதல் பேரம் | ஆகும் | உடன்பட்ட இழப்பீடு, தண்டனை | தீர்ப்பின்படி |
| அபராதம் | ஆகும் | தொகையைக் கட்டுவது | 9 மாதம் வரை சிறை (303(2)) |
| விசாரணை | தீர்ப்பைப் பொறுத்தது | எல்லா வாய்தாவுக்கும் வருவது | பிடி ஆணை, பறிமுதல், 1 ஆண்டு வரை சிறை |

என் வரிசை இது: 303(2) என்றால் முதலில் சமரசம். அது கைகூடாவிட்டால், ஊரில் நிலையாக இருக்கக்கூடியவருக்கு நன்னடத்தைப் பிணை. இருப்பிடம் நிலையில்லாமல் வேலைக்காக அலைபவருக்கு, 5,000-க்கு உட்பட்ட வழக்கென்றால், சில நாட்களில் முடிந்துவிடும் சமூக சேவை மேல். மூன்று ஆண்டு நிபந்தனையை அவரால் சுமக்க முடியாது. வீட்டுத் திருட்டில் வலுவான சாட்சியம் என்றால் நன்னடத்தையை நோக்கிய ஒப்புதல் பேரம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லையே என்று எதையும் அவசரமாக ஒப்புக்கொள்ள வேண்டாம். காவலில் இருப்பவர் எவருக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானத்தைப் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

## நிபந்தனையை ஏற்கெனவே மீறியிருந்தால்

போலீஸ் வந்து பிடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். தானாக நீதிமன்றத்துக்கு வந்து பிடி ஆணையைத் திரும்பப் பெறும்படி மனு கொடுப்பவரையும் கைவிலங்கோடு வருபவரையும் எந்த நடுவரும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. காரணத்துக்குத் தாள் வேண்டும்: மருத்துவச் சீட்டு, பஸ் டிக்கெட், சம்பளச் சீட்டு, எதுவாக இருந்தாலும்.

நூற்பாலைக்குப் போன அந்தப் பையனின் தாய், மகன் அனுப்பிய சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் அரிசிப் பானைக்கு அடியில் மடித்து வைத்திருந்தார். அவனை வரவழைத்து, அந்தச் சீட்டுகளோடு நாங்களே போய் நின்றோம். நடுவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். 50 ரூபாய் அபராதம் விதித்து, பிணைமுறியைத் தொடரவிட்டார். தங்கும் இடத்தை மாற்றிக்கொள்ளவும் அனுமதித்தார். மீதமிருந்த பதினொரு மாதமும் ஷிப்ட் முடிந்த விடிகாலையில் பஸ் ஏறி வந்து, அலுவலகம் திறக்கும்வரை வாசலில் காத்திருந்து கையெழுத்திட்டுவிட்டுப் போனான்.